கோபம் போன பிறகு

பெங்களூர் ஜோகுபாளையத்தில் வேதநாயகியின் குரலைக் கேட்காத வீடு கிடையாது. தண்ணீர் லாரி தெருமுனையோடு திரும்பிப் போகப் பார்த்தால் அந்தக் குரல் எழும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக வேறு யாருக்காவது ஊற்றினால் எழும். பஸ் கண்டக்டரின் ஏளனச் சிரிப்பு, பக்கத்து வீட்டுக் குடிகாரன் பெண்டாட்டியை அடிக்கும் சத்தம், எதுவாயிருந்தாலும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று குபுகுபுவென்று கிளம்பும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருப்பாள்.

அவள் அப்பா மாநில அரசு அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவள் பிறந்தது, கல்யாணமாகிக் குடித்தனம் வைத்தது எல்லாமே அந்த ஒரே தெருவில். தமிழும் கன்னடமும் சரளமாக வரும். திட்டுவதற்கு மட்டும் கன்னடம்தான் வசதி என்பாள். கணவர் சந்தானம் குடியாத்தத்துக்காரர். மாலைக் கல்லூரி ஒன்றில் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தெருவில் அவருக்குப் பெயர் ‘தங்கமான மனுஷன்’. அவளுக்குப் பெயர் ‘பஜாரி’. இரண்டும் அவள் காதுக்கு வந்தவைதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு தெரு வரைக்கும் வந்தது. எதிர் வரிசையில் சைக்கிள் கடை வைத்திருந்த சந்திரன், குடும்பத்தோடு இவர்கள் வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டான். சந்தானம் பன்னிரண்டு வயது மகள் கிருத்திகாவை இழுத்து அணைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தார். வெளியே தமிழர் வீடுகளைத் தேடிக் கல்லும் கட்டையுமாகக் கூட்டம். வேதநாயகி கதவைத் திறந்துகொண்டு போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்ரீ பேக்கு நிமகே? நானு இல்லே ஹுட்டித்தோளு!”

என்ன வேண்டும் உங்களுக்கு, நான் இந்த மண்ணிலேயே பிறந்தவள் என்று அவள் போட்ட சத்தத்தில் முன்னால் நின்றவன் ஒரு அடி பின்வாங்கினான். அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவன் அம்மா பெயரைச் சொல்லி, “அவங்களக் கூட்டிட்டு வா, அவங்க முன்னாடி என் வீட்டுக் கண்ணாடிய ஒட” என்று அதே கன்னடத்தில் கத்தினாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது; அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

பஜாரி என்ற பெயர் கொஞ்ச நாளைக்குக் காணாமல் போயிருந்தது. அப்புறம் திரும்பி வந்துவிட்டது.

வேலை, பொம்மனஹள்ளியில். வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி இன்சார்ஜ். தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து எது போகலாம், எது போகக் கூடாது என்று பிரிக்கும் மேசை அவளுடையது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. மேனேஜர்களே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு வாசல் எது, சமையலறை எது என்று தெரியாது. தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் சாயங்காலம் கிருத்திகா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனாள். மேலே தொட்டி நிரம்பி மொட்டைமாடியெல்லாம் தண்ணீர் ஓடியது. பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஊஞ்சல்பலகையில் உட்கார்ந்திருந்தாள். வேதநாயகி கத்தினாள். மகள் வாக்மேனைக் கழற்றாமல் ஏதோ சொன்னாள். கையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் எப்படிப் பறந்தது என்று வேதநாயகிக்கே தெரியாது. புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது.

கிளினிக்கில் தையல் போடும்போது டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள் கிருத்திகா. யோசிக்காமல், சட்டென்று, பழகிப்போன மாதிரி சொன்னாள். பக்கத்து வீட்டுக் குடிகாரனின் பெண்டாட்டியும் இதே பாத்ரூமில்தான் விழுவாள். வேதநாயகிக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு நழுவுவது போல இருந்தது.

மறுநாள் கிருத்திகா அல்சூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம் மட்டும் சொன்னாள்: “அம்மா யார்கிட்டயாவது போய்க் காட்டிக்கட்டும். அதுக்கப்புறம் வர்றேன்.”

“எனக்கென்ன பைத்தியமா?” என்று வேதநாயகி சுவரைப் பார்த்துக் கேட்டாள். சந்தானம் வழக்கம்போலச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அவளே போனாள்.

*

மனநல ஆலோசகர் நிருபமாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மேசை விசிறி, ஜன்னலில் ஒரு மணிப்ளான்ட். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மைசூரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். வேதநாயகி ‘டாக்டர்’ என்றதும், நான் டாக்டர் இல்லை, மாத்திரை எல்லாம் எழுத மாட்டேன், பேசத்தான் முடியும் என்றாள்.

“நான் கெட்டவளா? அத மொதல்ல சொல்லிடுங்க.”

“அந்த வார்த்தைய நான் இங்க எடுக்கறதில்ல, வேதா மேடம்.”

“ஏன்?”

“அதக் கேட்டு யாருக்கும் தூக்கம் வந்ததில்ல.”

வேதநாயகிக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அச்சகத்தில் மேலதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் அவரை ‘ஏ மாடு’ என்று கூப்பிட்டதும், மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்த சின்னப் பெண் வேதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதும், அப்பா சிரித்ததும். “அந்தச் சிரிப்பு இருக்கே” என்று ஆரம்பித்து, மேலே பேச வராமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

நிருபமா ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தாள். உள்ளே ஏதாவது கிளம்பினால் உள்ளங்காலைத் தரையில் அழுத்த வேண்டும். மூச்சை நீளமாக விட வேண்டும். விட்டுக்கொண்டே தனக்குள் கேட்க வேண்டும்: இது என்னுடையதா? இதைச் சரிபண்ணுவது என் வேலையா? இல்லை என்று பதில் வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பலித்தது. கண்டக்டர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தான். உள்ளங்காலை அழுத்தினாள், மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் லாரி தெருமுனையோடு திரும்பியது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து துணி மடித்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது கிருத்திகா இல்லாத வீட்டில் அவள் தனியாகவே சிரித்தாள். பொங்கலுக்குக் கிருத்திகா வந்தாள், இரண்டு நாள் இருந்து பார்த்தாள், அப்புறம் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். சந்தானம் ஒரு நாள் செய்தித்தாளை மடித்துக்கொண்டே நிம்மதியாகச் சொன்னார்: “உனக்குக் குணமாயிடுச்சு வேதா.”

அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்போது.

*

தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வந்திருந்தார். அனந்தபத்மநாபன். கெட்டிக்காரர். தேதி தவறிய ஷிப்மென்டுகளைக் கரையேற்றத்தான் அவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று பேச்சு. எப்போதும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நடப்பார்.

காலர் தைக்கும் வரிசையில் ஃபாத்திமா என்று ஒரு டெய்லர் இருந்தாள். கை வேகம் உள்ளவள். அந்த மாதம் டைபாய்டு வந்து எழுந்து வந்திருந்தாள்; கை ஓடவில்லை. ஒரு நாள் காலை அவள் தைத்த காலர்கள் கோணலாக வந்தன. வேதநாயகிதான் அவற்றை ஒதுக்கிவைத்தாள். அதில் தவறு ஒன்றும் இல்லை; கோணல் கோணல்தான். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரிசைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் வந்தது. அனந்தபத்மநாபன் ஃபாத்திமாவை அதன் மேல் ஏற்றி, ஒதுக்கிய சட்டை ஒன்றைக் கையில் விரித்துப் பிடிக்கச் சொல்லி, எல்லாரும் பார்க்கிற மாதிரி நிற்கவைத்தார். “இப்படித் தைச்சா இப்படித்தான் நிக்கணும். பாத்துக்குங்க” என்றார். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரும் தலையைத் தூக்கவில்லை.

வேதநாயகி தன் மேசையிலிருந்து பார்த்தாள். ஃபாத்திமாவும் அவளைப் பார்த்தாள். வேதநாயகியின் உள்ளங்கால் தானாகவே தரையில் அழுந்தியது. மூச்சை விட்டாள். இது என்னுடையதா? இல்லை, ப்ரொடக்‌ஷன் அவருடையது. என் வேலை துணியைப் பார்ப்பது. சாப்பாட்டு மணி அடித்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். நன்றாக இருந்தது.

மறுநாள் ஃபாத்திமா வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள்.

அன்று தொடங்கியது வேதநாயகிக்கு அந்த இருப்புக்கொள்ளாமை. கோபம் இல்லை, கோபமென்றால் அவளுக்குத் தெரியும். அழுகையும் இல்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். டிவி சீரியல் நடுவில் எழுந்து போய்ச் சுத்தமான அடுப்பைத் துடைத்தாள். பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரிப் புகையில் நடந்தாள். நடந்தால் சரியாகும்போல இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தால் மறுபடி நடக்க வேண்டும்போல இருந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மனசு எதையோ தேடித் தேடிப் போய் வெற்றிடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. கேன்டீனுக்குப் போகும்போது அந்த வரிசைப் பக்கம் போகாமல் பின்படி வழியாகப் போகத் தொடங்கினாள்.

கட்டிங் செக்‌ஷன் நோயல் அந்தப் பின்படியில் ஒரு நாள் எதிரே வந்தான். நல்ல மனசுக்காரன். “மேடம், தப்பா நெனக்காதீங்க. நீங்க இப்ப ரொம்ப நல்லா ஆயிட்டீங்க. முன்னெல்லாம் ஃப்ளோருக்கு வரவே பயமா இருக்கும்” என்றான். அவள் சிரித்துவைத்தாள். மாடிப்படியில் பாதியில் நின்று, நல்லா ஆயிட்டீங்க என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். குணமாயிடுச்சு என்று அவர் சொன்னாரே. குணமானதா, இருந்த குணமும் போனதா?

*

அன்று சாயங்காலம் சந்தானம் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ சரியாத்தான் செஞ்சிருக்க” என்றார். “அங்க போய்க் கத்தியிருந்தா அந்தாளு அந்தப் பொண்ண இன்னும் படுத்தியிருப்பான்.”

“நான் அதெல்லாம் யோசிச்சுப் பேசாம இருக்கலங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. சாதம் ருசியா இருந்துச்சு. அதுதான் என்னப் போட்டுத் தின்னுது.”

“இதப் பாரு. ஒருத்தரோட குணம்ங்கிறது ஒரு நாள்ல பண்ணதுல இல்ல. திரும்பத் திரும்ப என்ன பண்றோமோ அதுல இருக்கு. ஒரு நாள் பேசாம இருந்துட்ட. அதனால நீ வேற ஆளாயிடல.”

“ரெண்டாவது நாளும் பேசாம இருந்தா? மூணாவது நாளும்?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

“திரும்பத் திரும்பப் பேசாமயே இருந்தவங்க எப்படி ஆவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணதில்ல வேதா.”

“நீங்க யாருக்கும் எதுவுமே பண்ணதில்லங்க.”

குரல் உயரவே இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டி, மறுபடி சரியாக மாட்டி, வெளியே போனார். இத்தனை வருஷம் அவரை எத்தனையோ திட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே போவார். இன்று அமைதியாகச் சொன்ன ஒன்று எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லும்போது உள்ளங்காலை அழுத்திக்கொண்டுதான் சொன்னோம் என்பதும் தெரிந்தது.

நிருபமாவிடம் போனபோது உட்காரக்கூட இல்லை. ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினாள்.

“நீங்க என் கோபத்த எடுத்தீங்களா, என்னையே எடுத்துட்டீங்களா?”

நிருபமா கேட்டாள்: “ஃபாத்திமாவப் பாத்தப்போ உள்ள என்ன இருந்தது?”

“ஒண்ணும் இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன். இது என்னுதான்னு கேட்டேன், இல்லன்னு பதில் வந்துச்சு. சொன்னது யாரு? நானா, நீங்களா?”

“அந்தக் கேள்விய நான் கிருத்திகாவுக்காகக் குடுத்தேன், வேதா மேடம். வீட்டுக்காக.”

“கோபம் வரும்போது, இன்னைக்கு வீட்டுக்கு வந்திருக்கேன், இன்னைக்கு ஃபேக்டரிக்கு வந்திருக்கேன்னு சொல்லிட்டா வருது? மூஞ்சி ஒண்ணுதாம்மா. நீங்க சொன்ன மாதிரி கதவச் சாத்தினேன். எல்லாத்துக்கும் சேந்து சாத்திக்கிச்சு.”

விசிறி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பியது. நிருபமா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

“நான் ஒண்ணு ஒத்துக்கறேன். வர்றவங்களுக்கு எது கஷ்டம்னு கேக்கத்தான் எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. நீங்க கஷ்டத்தக் கேக்கல. எப்படிப்பட்டவளா இருக்கணும்னு கேக்கறீங்க. கெட்டவளான்னு நீங்க முதல் நாளே கேட்டீங்க, நான் அந்த வார்த்தையையே வெளிய தள்ளிட்டேன். அது அவசரமோ என்னமோ.”

“அப்ப சொல்லுங்க.”

“தெரியாதத எப்படிச் சொல்ல? ஒண்ணு கேக்கறேன். இது என்னுதான்னு கேக்கும்போது, ஆமா என்னுதுதான்னு பதில் வந்தா என்ன பண்ணுவீங்க? கத்தறதத் தவிர?”

வேதநாயகி நின்றாள். கத்துவது, இல்லாவிட்டால் வாயை மூடுவது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று அவளுக்கு எப்போதும் தோன்றியதில்லை. அப்படியே படியிறங்கிப் போனாள்.

*

ஃபாத்திமாவின் வீட்டைப் பொம்மனஹள்ளியில் விசாரித்துக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலோரம் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வேதநாயகியைப் பார்த்ததும் எழுந்து, மூட்டையை நகர்த்தி இடம் பண்ணினாள்.

“வாங்க அக்கா. உக்காருங்க.”

“திரும்ப வந்துடு ஃபாத்திமா. நான் பேசறேன்.”

“வேணாம் அக்கா. வீட்ல இருந்து தைக்கறேன், ஓடுது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “மேனேஜருங்க திட்றது என்ன புதுசா? ஸ்டூல் மேல நின்னப்ப உங்களத்தான் பாத்தேன். இப்ப வரும் பாரு வேதா மேடம் கொரலுன்னு. நீங்க டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க.”

“நான் கத்தியிருந்தா உன் வேலை தங்கியிருக்குமா?”

“எங்க தங்கும்? உங்க வேலையும் சேந்து போயிருக்கும்.”

“பின்ன?”

“எறங்கியிருப்பேன் அக்கா.” ஃபாத்திமா அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எறங்கி வெளிய நடந்திருப்பேன். நீங்களும் போனதும் காலு வரல. சாயங்காலம் வரைக்கும் நின்னேன்.”

ஃபாத்திமா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது, “இப்ப தர்மபுரிப் பொண்ணு ஒண்ணு நிக்குதாமே அதே ஸ்டூல்ல. உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். பின்படி வழியாகவே போய்வந்துகொண்டிருந்த வேதநாயகிக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை அவள் முன்வழியாகவே வந்தாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீக்குப் பிறகு தர்மபுரிப் பெண் ஸ்டூலில் ஏறினாள். பதினெட்டு வயது இருக்கும். கையில் விரித்துப் பிடித்திருந்த சட்டை முகத்தை மறைத்திருந்தது. வேதநாயகி உள்ளங்காலை அழுத்தினாள். மூச்சை விட்டாள். இது என்னுடையதா? அந்தச் சட்டையின் கையில், குறை இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியது அவள்தான்.

நேராக அனந்தபத்மநாபனிடம் போனாள்.

“சார், அந்தப் பொண்ண எறக்குங்க.”

“நீங்க உங்க டேபிளப் பாருங்க மேடம்.”

“டேபிள்ல இருந்துதான் வர்றேன். நான் ஒதுக்கின பீஸத்தான் அவ கைல குடுத்திருக்கீங்க. துணி சரியில்லன்னு நான் சொன்னா, துணி சரியில்லன்னுதான் அர்த்தம். அத வெச்சு ஒரு ஆள நிக்க வெக்கறதுக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டித் தர மாட்டேன். அவ எறங்கற வரைக்கும் இன்னைக்கு ஒரு பொட்டியும் பாஸ் ஆகாது.”

குரல் நேராக இருந்தது. தன் வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதுதானா அந்த மூன்றாவது என்று ஒரு கணம் தோன்றியதுகூட.

அனந்தபத்மநாபன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தார். “ட்ரீட்மென்ட் எல்லாம் நடக்குதுன்னு சொன்னாங்களே. நின்னுபோச்சா?”

அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து அது கிளம்பியது. பூட்டிவைத்திருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்துக் கிளம்பியது. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து, அவரை விட்டு அவருடைய அம்மாவிடம் போய் நின்றது. சொல்லக் கூடாத ஒன்றை அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஃப்ளோரில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தர்மபுரிப் பெண் தானாகவே ஸ்டூலை விட்டு இறங்கினாள். இறங்கி, வேதநாயகியிடமிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தில் இருந்தது நன்றி அல்ல. வேதநாயகி அந்த முகத்தைத் தன் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் பாலசுப்ரமணியன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேதநாயகி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு முடிவு எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

“இவரோட அம்மாவ இழுத்தது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். ஃப்ளோர்ல எல்லார் முன்னாடியும் வேணும்னாலும் கேக்கறேன். பாக்கி நான் சொன்ன எதுக்கும் கேக்க மாட்டேன்.”

அனந்தபத்மநாபன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா போயி ரெண்டு மாசந்தான் ஆகுது” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

வேதநாயகி அவர் பக்கம் திரும்பினாள். தலையை மழித்து முடி முளைத்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. இத்தனை நாள் பார்த்த தலைதான். “மன்னிச்சிடுங்க சார்” என்றாள். இந்த முறை அது வேறு மாதிரி வந்தது.

அதற்குப் பிறகு யாரும் ஸ்டூலில் நிற்கவில்லை. வேதநாயகியை மாத முடிவில் பக்கத்துக் கட்டடத்தில் இஸ்திரியும் மடிப்பும் நடக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவள் கையெழுத்துக்காக எந்தப் பெட்டியும் காத்திருக்காது. ஜெயித்தோமா தோற்றோமா என்று நீராவிப் புழுக்கத்தில் மேசைக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து யோசித்தாள். ஒரு நாள் ஒரு பதில் வந்தது, அடுத்த நாள் வேறு பதில்.

*

கத்திய அன்று சாயங்காலம் சாப்பிடும்போது நடந்ததை மறைக்காமல் வீட்டில் சொன்னாள். கிருத்திகா கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வேதநாயகி கதவு வரைக்கும் போய், தட்டாமல் திரும்பினாள். கூடத்தில் சந்தானம் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லவில்லை, இழுத்துப் போட்டதோடு சரி. அவர் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போன அந்தச் சாயங்காலத்திலிருந்து அவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. “நான் அன்னைக்குச் சொன்னது…” என்று அவள் ஆரம்பித்தாள். “இல்ல, சொன்னது சரிதான். சொன்ன விதந்தான் தாங்கல” என்றார் அவர்.

காலையில் கிருத்திகா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அந்த ஸ்டூல் பொண்ணுக்காகத்தான் கத்தினியா, இல்ல உன்னக் கிண்டல் பண்ணாருன்னு கத்தினியா?”

வேதநாயகி தோசையைத் திருப்பிப் போட்டாள். “மொதல்ல அவளுக்காகப் பேசினேன். கத்தினது எனக்காக.”

“இனிமே என்கிட்டயும் கத்துவியா?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் நம்பிவிடும் என்று பயமாக இருந்தது.

“தெரியலடி. கத்தாம இருக்கத்தான் பாக்கறேன். நிருபமாகிட்ட போறத நிறுத்த மாட்டேன்.”

கிருத்திகா தட்டை நீட்டினாள்.

நிருபமாவிடம் போவது சில வருஷம் தொடர்ந்தது. சில மாதம் போவாள், சில மாதம் விட்டுவிடுவாள். கெட்டவளா என்ற கேள்விக்கு அங்கே முடிவாகப் பதில் கிடைக்கவில்லை; ஆனால் அந்த வார்த்தையை எடுக்கக் கூடாது என்று நிருபமா அதற்கப்புறம் சொன்னதில்லை. தெருவில் தண்ணீர் லாரியை வேதநாயகி மறுபடி மறிக்க ஆரம்பித்தாள். ‘பஜாரி’ திரும்பி வந்தது. இரண்டாயிரத்து மூன்றில் கிருத்திகாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, தன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனின் தமிழ்வாடை அடிக்கும் இங்கிலீஷை எல்லாரும் சேர்ந்து எப்படிக் கேலி பண்ணினார்கள் என்று கிருத்திகா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளும் ஒருமுறை அவனைப் போலப் பேசிக் காட்டினாளாம். வேதநாயகிக்குக் குபுகுபுவென்றது. எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போனாள், அங்கே நிற்க முடியாமல் மெயின் ரோடு வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். இது என்னுடையதுதான். மூச்சு இன்னும் இறங்கவில்லை. அதற்கு மேல் காத்திருந்தால் சொல்லாமலே போய்விடுவோம் என்று தோன்றியது.

மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, அந்தப் பையன் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறாய் என்று ஆரம்பித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. கிருத்திகாவின் முகம் சிவந்தது, கண் தாழ்ந்தது. எழுந்து போகவில்லை.